அயலும் அருளும்

அன்பு, அருள் என்னும் இரண்டும் ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றுவன. வழக்கிலே ஒன்றன் இடத்தில் மற்றதை வைத்துப் பேசுவாரும் உளர். வள்ளுவர் அவ்வாறு பேசினாரல்லர். அன்புடைமையை 8ஆம் அதிகாரமாக இல்லறவியலிலே வைத்தார். அருளுடைமையை 25ஆம் அதிகாரமாகத் துறவறவியலின் முகப்பிலே வைத்தார். இரண்டுக்கும் இடையே பதினாறு அதிகாரங்கள் கிடக்கின்றன. இந்த இடைவெளி தற்செயலாக நேர்ந்ததன்று. தன்னோடு தொடர்புடையார் மேற் செல்வது அன்பு என்றும், தொடர்பு எதனையும் நோக்காது எல்லா உயிர்கள் மேலுஞ் செல்வது அருள் என்றும் பரிமேலழகர் வேறுபாடு காண்பார். தான் பெற்ற பிள்ளை அழும்போது தாய் ஓடுகின்றாள், அது அன்பு. யார் பெற்ற பிள்ளையோ தெருவில் நின்று அழுகின்றது. அவள் அதற்கும் ஓடுவாளாயின் அது அருள். முன்னதற்கு இயற்கையே துணை நிற்கும். பின்னதற்கு ஓர் அதிகாரம் வேண்டியிருந்தது.

கிறிஸ்தவ சமயந் தமிழ் நாட்டுக்கு வந்தபோது அதற்கும் ஒரு சொல் வேண்டியதாயிற்று. மனிதன் உழைத்துச் சம்பாதிக்காதது, உரிமை என்று கேட்க முடியாதது, கடவுள் தாமாகவே தருவது என்னும் இக்கருத்தைக் கிரேக்கர் 'காரிஸ்' என்றனர். இலத்தீனர் 'கிராத்சியா' என்றனர். தமிழ்க் கத்தோலிக்கர் அதனை 'இஷ்டப்பிரசாதம்' என்றும் 'வரப்பிரசாதம்' என்றும் வழங்கினர். மங்கள வார்த்தைச் செபத்திலே 'பிரியதத்தம்' என்றொரு சொல் வந்து அமர்ந்தது. நமது பாட்டிமார் பொருள் அறிந்தும் அறியாமலும் அதனை நாள்தோறும் நாவில் உருட்டினார்கள். பிரியத்தினாலே தத்தஞ் செய்யப்பட்டது, அதாவது அன்பினாலே கொடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். புரட்டஸ்தாந்தர் 'கிருபை' என்றனர். இன்று கத்தோலிக்கர் வள்ளுவருடைய சொல்லையே எடுத்துக்கொண்டு 'அருள்' என்கின்றனர்.

இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகின்றது. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் தலைமையில் விவிலியம் தமிழாக்கப்பட்டு 1850இல் அச்சேறியது. அந்தத் தமிழைச் செப்பஞ் செய்வதில் அவருக்கு வலக்கையாய் நின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். கிறிஸ்தவ சமயத்தைக் கண்டித்து எழுதிய அதே நாவலர்தான். தமிக்க அறிவுடையார் இருவர் ஒரு நூலின் முன்னே பல்லாண்டு கூடியிருந்தனர். கொள்கையில் ஒருவரையொருவர் விட்டுக்கொடுத்தாரில்லை. அக்காலத்து மனிதர் அப்படி. அது வேறு கதை.

பழைய சொற்களுள் எனக்குப் பிரசாதம் என்பதிலே ஒரு பற்று உண்டு. வடமொழியில் அதற்குத் தெளிவு, தயவு என்றெல்லாம் பொருள் கூறுவர். தமிழ் மக்கள் அதற்கு வேறொரு பொருளை நடையிலே காட்டியிருக்கின்றனர். கோயிலிற் பிரசாதம் வாங்கினவன் அதனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எதிர்ப்பட்டாருக்கெல்லாம் ஒரு சிட்டிகை கொடுத்துக்கொண்டே வருவான். கொடுக்குமுன் நீ யார், எந்தக் குடி, பூசைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. தனக்கு இலவசமாக வந்ததை விலை பேசிக் கொடுத்தல் அழகன்று என்பது அவனுக்குத் தெரியும். கடவுளின் அருளைப் பிரசாதம் என்று மொழிபெயர்த்த பழைய குருமார் இதனை எண்ணித்தான் மொழிபெயர்த்தார்களோ என்னவோ, சொல் மிக நன்றாக வாய்த்துவிட்டது.

அருள் எல்லா மனிதருக்கும் வெளிப்பட்டது என்று பவுல் தீத்துவுக்கு எழுதிய நிருபத்திலே கூறுகின்றார். கூறிய கையோடு அந்த அருளுக்கு ஓர் ஆசிரியத் தொழிலையுங் கொடுத்துவிடுகின்றார். அருள் நம்மைப் பயிற்றுகின்றதாம். எப்படி வாழவேண்டும் என்று பழக்குகின்றதாம். ஆசிரியத் தொழில் பார்ப்பவர்களுக்கு இவ்வுவமை விளங்கும். பாடத்தைக் கேட்டுவிட்டு வீட்டிற் போய் உறங்குகின்ற மாணாக்கனை நாம் பயின்றவன் என்று சொல்வதில்லை. மலைப் பிரசங்கத்தில் இயேசு கூறியதும் இதுவே. நல்லவன் வயலிலும் தீயவன் வயலிலும் மழை ஒன்றுபோலப் பெய்கின்றது. வெயிலும் அவ்வாறே எறிக்கின்றது. பிதா அப்படியிருக்கப் பிள்ளைகள் வேறுவிதமாக இருத்தல் எவ்வாறு என்பது அவருடைய கேள்வி. தன்னை நேசிப்பவனை நேசிப்பதிலே என்ன பெருமை, அதை வரி தண்டுகின்றவனுஞ் செய்கின்றானே என்று அவர் கேட்டபோது, பரிமேலழகர் பின்னாளிற் பகுத்த அன்பும் அருளுமே அங்கே நின்றன.

கொள்கை இவ்வளவுதான், இது எளிது. இதை ஓர் ஊரில் வைத்துப் பார்ப்பதுதான் அரிது. யான் வைத்துப் பார்க்க விரும்பும் ஊர் குருநகர்.

யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கிழக்குப் புறமாகக் கடனீரேரியின் ஓரத்திலே நெருங்கிக் கிடக்கும் ஊர் அது. கரையூர் என்பது அதன் பழைய பெயர். கடலே வயல், வலையே ஏர். களங்கண்ணி வலை கட்டுவோரும், நண்டு வலை இடுவோரும், ஆழ்கடலுக்குப் போவோருமாகத் 'தொழில்' என்ற ஒரு சொல்லாலே தங்கள் வாழ்வு முழுவதையுஞ் சொல்லிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். ஊரின் நடுநாயகமாக நிற்பது புனித யாகப்பர் ஆலயம். யூலை மாதத்திலே, 25ஆந் திகதியை ஒட்டி, அவருடைய திருவிழா.

இந்த யாகப்பர் யார்? கலிலேயாக் கடலிலே வலை இழுத்தவர், செபதேயுவின் மகன், யோவானின் தமையன். ஆகவே கடற்றொழிலாளர் தமக்கு அவரைக் காவலராகக் கொண்டதில் வியப்பில்லை. ஆயின் அவருடைய சரித்திரத்தில் ஒரு பகுதியைத் திருவிழாப் பிரசங்கங்களிலே யான் அதிகங் கேட்டதில்லை. இயேசுவும் சீடரும் எருசலேமை நோக்கிப் போகும் வழியிலே சமாரியர் ஊர் ஒன்றில் இரவு தங்க இடங் கேட்டனர். சமாரியருக்கும் யூதருக்கும் பரம்பரைப் பகை. இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்போது யாகப்பரும் அவர் தம்பியும் இயேசுவிடம் ஓர் அனுமதி கேட்டார்கள். வானத்திலிருந்து தீயை வருவித்து அந்த ஊரை எரித்துவிடலாமா என்பதே அந்த விண்ணப்பம். 'இடியின் மக்கள்' என்ற பட்டப்பெயர் இவ்விருவருக்கும் சும்மா வரவில்லை. இயேசு திரும்பி அவர்களைக் கடிந்தார். வேறோர் ஊருக்குப் போனார்கள்.

இது லூக்காவின் 9ஆம் அதிகாரம். அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் அங்கே நல்ல சமாரியன் கதை. கள்வர் அடித்துப் போட்டுவிட்டுப்போன யூதன் ஒருவன் வழியிலே குற்றுயிராய்க் கிடக்கின்றான். குருவானவர் ஒருவர் விலகிப் போகின்றார். கோயிற் பணியாளன் ஒருவனும் விலகிப் போகின்றான். சமாரியன் ஒருவன் நிற்கின்றான், காயத்தைக் கட்டுகின்றான், தன் விலங்கின்மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோய்ச் செலவுக்குங் காசு கொடுக்கின்றான். சமாரியரை எரிக்கவேண்டும் என்று கேட்ட யாகப்பரும் இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். தாம் சாம்பலாக்க எண்ணிய கூட்டத்திலே ஒருவன் கதாநாயகனாய் எழுந்து வருவதைக் கண்டபோது அவர் முகம் எப்படியிருந்தது என்று லூக்கா எழுதவில்லை.

இக்கதைக்கு வித்தான கேள்வி, சட்டம் அறிந்த ஒருவன் கேட்டது: என் அயலான் யார்? தமிழ் விவிலியங்களிலே இச்சொல்லை மொழிபெயர்த்தவர்கள் இருவேறு வழியிற் சென்றிருக்கின்றனர். பழைய புரட்டஸ்தாந்த மொழிபெயர்ப்புப் 'பிறன்' என்கின்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'அடுத்திருப்பவர்' என்கின்றது. ஒன்று தொலைவைக் காட்டுகின்றது. மற்றது அண்மையைக் காட்டுகின்றது. இரண்டையும் ஒருங்கே காட்டுவதற்கு யாழ்ப்பாணத்து வழக்கிலே ஒரு சொல் முன்பே இருக்கின்றது. 'அயல்' என்றால் நமக்குப் பக்கத்து வீடு, வேலிக்கு அப்பால், நல்லது கெட்டதுக்கு முதலில் ஓடிவருகின்ற சனம். அதே 'அயல்' அயல்நாடு என்னும்போது வேற்றுமையைக் குறிக்கின்றது. அயலான் என்பது அந்நியன் என்று பொருள்படுகின்றது. பக்கத்திலிருப்பவனும் அந்நியனும் ஒரு சொல்லுக்குள்ளே குடியிருக்கின்றனர். இயேசு சொன்ன கதையின் சூழ்ச்சி முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். அந்நியன் என்று தள்ளப்பட்டவனே அயலவனாய் வந்து நின்றான்.

கதையிலே வருபவன் செய்தது இருக்கட்டும். நமது மண்ணிலே மனிதன் எவனாவது இதைச் செய்து காட்டினானா என்று மாணவர் கேட்கக்கூடும். ஒருவர் காட்டினார். அவர் பெயர் யோசப் வாஸ்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். அவர்களுங் கிறிஸ்தவரே, சீர்திருத்த சபையார். கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர். குருவுக்கு இடங்கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறப்பித்தனர். கரையோரத்துக் கத்தோலிக்கர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குரு இல்லாமல் வாழ்ந்தனர். பிள்ளைகளுக்குத் தாய்மாரே செபஞ் சொல்லிக் கொடுத்தனர். இச்செய்தி கோவாவிலே இருந்த ஓர் இளங்குருவின் காதுக்கு எட்டியது. 1651 ஏப்ரில் 21ஆந் திகதி கோவாவைச் சேர்ந்த பெனவுலிம் என்னும் ஊரிலே பிறந்தவர் அவர், கொங்கணிப் பிராமணக் குலத்தவர், 1676இற் குருவானவர். வெள்ளைக்காரக் குரு இலங்கையிற் கால்வைத்தால் அந்தக் கணமே பிடிபடுவார். இவர் நிறத்தினாலே நம்மவர். குருவுடையைக் களைந்தார், முழங்காலுக்கு மேலே ஒரு துண்டைக் கட்டினார், கூலியாள் போலத் தோற்றங் கொண்டார். 1687இலே யோவான் என்னும் பணியாளோடு தூத்துக்குடியிலிருந்து தோணியேறினார். கடலிலே புயலும் பசியுமாக அலைந்து ஒருவாறு இலங்கைக் கரையைப் பிடித்து, யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

வந்தவரைச் சீதபேதி படுக்கையிலே கிடத்திற்று. முன்பின் அறியாத யாழ்ப்பாணத்தாரின் இரக்கத்தாலேயே அவர் உயிர் தப்பினார். இதனை வற்புறுத்திச் சொல்லவேண்டும். அருளைக் கொடுக்க வந்தவர், முதலில் அதைப் பெற்றுக்கொண்டவராகவே இந்த மண்ணிலே எழுந்து நின்றார். எழுந்த பின் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டதும் எந்த முகம் மாறுகின்றதோ அந்த வீடு கத்தோலிக்க வீடு என்று அறிந்துகொள்வது அவர் உபாயம். சில்லாலையார் அவரை ஏற்று ஒளித்துவைத்தனர். பகலிலே மறைந்திருந்து இரவிலே பூசை செய்தார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவிலே யாழ்ப்பாணத்திற் பூசைக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தனர். சிலரைக் கொடுந்தண்டனைக்கு உள்ளாக்கினர். வாஸ் அவர்கள் கையில் அகப்படவில்லை. தமக்குப் புகலிடந் தந்தவர்கள் தம்பொருட்டு வருந்தலாகாதென்று, பின்னர் கண்டியரசின் எல்லைக்குட்பட்ட புத்தளப் பகுதிக்குப் போனார்.

அங்கிருந்து 1692இலே கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று பழி சுமத்திச் சிறையிட்டார்கள். அரசன் இரண்டாம் விமலதருமசூரியன், பௌத்தன். சிறை நாளடைவிலே தளர்ந்தது. அவர் செபித்ததனால் மழை பெய்தது என்றொரு செய்தியை அவருடைய சரித்திரம் எழுதியோர் விரிவாகச் சொல்வர். அற்புதங்களிலே மனஞ் செல்பவர்கள் அதனைப் படிக்கட்டும். எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது 1697இலே நடந்தது.

அவ்வாண்டு கண்டியிலே அம்மை நோய் பரவியது. அரசன் நகரை விட்டுப் போனான். வசதியுள்ளோரும் போயினர். நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டிலே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினர். இதற்காக அவர்களை இகழ்வதற்கில்லை, மருந்தறியாக் காலம், வீட்டிலே மற்றப் பிள்ளைகள் இருந்தன. அன்புக்கு ஓர் எல்லை உண்டு. அச்சம் அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. வாஸும், அவருடைய சகோதரி மகன் யோசப் கார்வாலோ என்னுங் குருவும் போகவில்லை. காட்டிலே கிடந்தவர்களைத் தேடியெடுத்தனர், வெறுமையாய்க் கிடந்த வீடுகளிற் கிடத்தினர், புண்ணைக் கழுவினர், கஞ்சி காய்ச்சி ஊட்டினர், இறந்தவர்களைத் தோளிற் சுமந்து புதைத்தனர். அந்த நோயாளிகளுட் பெரும்பாலார் பௌத்தர். வாஸைச் சிறையிலடைத்த நகரத்து மக்கள். நீ என் சமயத்தவனா என்று அவர் கேட்டதாக ஓரிடத்திலும் இல்லை; குணமான பின் என் சமயத்துக்கு வா என்று பேரம் பேசியதாகவும் இல்லை. அரசன் திரும்பிவந்து நடந்ததைக் கேட்டான். அதன் பின்னர் கண்டியரசிலே அவர் பணிக்குத் தடை இருக்கவில்லை.

இந்தச் சரித்திரத்தில் நாம் ஊன்றிப் பார்க்கவேண்டியது ஒன்று. வாஸை வேட்டையாடியவர்கள் கிறிஸ்தவர். அவருக்கு நிழல் தந்தவன் பௌத்த அரசன். கிறிஸ்தவன் என்ற பெயர் இருந்த இடத்தில் அருள் இல்லை; இல்லாத இடத்தில் அது இருந்தது. அவர் 1711 சனவரி 16ஆந் திகதி கண்டியிலே காலமானார். அவருக்குத் துணையாக 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமிகள் தமிழிலுஞ் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். தவக்காலத்திலே நமது கரையோரக் கோயில்களிற் கேட்கின்ற வியாகுலப் பிரசங்கம் அவர் தந்தது. 2015 சனவரி 14ஆந் திகதி கொழும்புக் காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் வாஸைப் புனிதர் என்று அறிவித்தார். சமய வேறுபாடின்றித் துன்பப்பட்டோர் யாவருக்கும் அவர் பணிபுரிந்ததை அன்று எடுத்துப் பேசினார்.

புனிதராக்குதல் நன்று. ஆயின் ஒருவரைப் பீடத்தில் ஏற்றிவிட்டால் அவர் செய்ததை நாமுஞ் செய்யவேண்டும் என்ற கடமை குறைந்துவிட்டதுபோல ஓர் எண்ணம் வந்துவிடுகின்றது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ உலகம் இதற்கு விலக்கன்று. ஒரே கிண்ணத்திலிருந்து அருளைப் பருகியவர்கள் ஆலயத்துக்குள்ளே சாதி பார்த்து இடம் பிரித்து அமர்ந்த காலம் இருந்தது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875-1947) சொற்பிறப்பு ஆராய்ச்சியிலே ஈடிணையற்றவர் என்று நம்மவர் கொண்டாடுகின்றனர். அவர் தமது காலத்தின் பெரும்பகுதியை ஒடுக்கப்பட்ட மக்களின் குடிசைகளிலே செலவிட்டார் என்பதை அந்தக் கொண்டாட்டத்திலே சொல்வார் குறைவு. அகராதி அலமாரியில் இருக்கின்றது. குடிசை கண்ணிற் படுவதில்லை.

இனிக் குருநகருக்கு மீள்வோம். யாகப்பர் சமாரியர் ஊரின்மேல் கேட்ட தீ, அவருடைய சொந்தக் கோயிலின்மேல் விழுந்தது. 1993 நவம்பர் 13ஆந் திகதி விமானப்படையின் குண்டு வீச்சிலே புனித யாகப்பர் ஆலயம் இடிந்தது. அங்கிருந்தோர் பலர் மாண்டனர். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னே, 1986 யூன் 10ஆந் திகதி, மண்டைதீவுக் கடலிலே தொழிலுக்குப் போன குருநகர் மக்கள் 30 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். அவர்கள் கையில் இருந்தது வலை. ஒரே நாளில் ஓர் ஊரிலே அத்தனை வீடுகள் ஆண்துணையை இழந்தன. கோயிலை மீண்டுங் கட்டினார்கள். மற்றதைக் கட்ட முடியாது. இப்படிப்பட்ட ஊரிலே போய் நின்று, பகைவனுக்கும் அருள் செய் என்று சொல்வதற்கு ஒரு தகுதி வேண்டும். சொல்பவனுக்கு அத் தகுதி இல்லாவிடினும் சொல்லியவர் சிலுவையிலே தொங்கினார் என்பதனாலேதான் அந்தச் சொல் அங்கே நிற்கின்றது.

அருளுடைமை அதிகாரத்தை வகுப்பிலே நடத்திய ஒரு நாள், கடற்கரைப் பிள்ளை ஒருவன் எழுந்தான். "ஐயா, வலையை அறுத்துக்கொண்டு போறவனுக்குமோ அருள்?" என்றான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. முதல் இரவு அவன் தகப்பனின் வலை போயிருந்தது என்று பின்னர் அறிந்தேன். பரிமேலழகர் உரையிலே இதற்கு விடை இருக்கின்றது. ஆனால் அந்த விடையை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக அவனால் இயலாது. வலைக்குக் கடன் வாங்கியிருப்பார்கள்.

அவன் சொன்னது இராமேசுவரக் கரையிலிருந்து வருகின்ற இழுவைப் படகுகளை. கடலின் அடித்தளத்தை வழித்துக்கொண்டு போவது அந்த மடி. மீன் மட்டுமன்றிக் குஞ்சும் முட்டையுஞ் செடியும் அதனோடு போகின்றன. வழியிலே கிடக்கின்ற சிறு தொழிலாளியின் வலை இரவோடு இரவாகக் கிழிந்து போகின்றது. இலங்கையிலே இழுவை மடித் தொழில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே தடை செய்யப்பட்டது. ஆயினும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். இழுவைப் படகுகள் அக்கரையில் மட்டுமில்லை. குருநகர்த் துறையிலும் உண்டு. அவற்றைக் குறித்து அயற் கிராமத்துச் சிறுதொழிலாளர் முறையிடுவதும் உண்டு. பிறர் கண்ணிலுள்ள துரும்பையும் தன் கண்ணிலுள்ள உத்திரத்தையும் பற்றிய உவமையை அறியாத ஊர் அன்று குருநகர்.

அருள் என்றால் உரிமையை விட்டுக்கொடுத்தல் என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழை. அத்துமீறி வந்த படகைச் சட்டம் பிடிக்கலாம், நீதிமன்றம் விசாரிக்கலாம், அது நீதி. அருள் நீதியை அழிப்பதில்லை. நீதியின் கை எட்டாத இடத்துக்கு அது போகின்றது. பிடிபட்ட படகின் சொந்தக்காரன் கரையிலே இருக்கின்றான். சிறைக்குப் போகின்றவன் கூலிக்கு வந்த தொழிலாளி. அவன் மனைவி தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றாள். யாழ்ப்பாணச் சிறையிலே அவன் தமிழே பேசுகின்றான். பெரும்பாலும் செபமாலையும் வைத்திருக்கின்றான். சிறையிலிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள் என்று கடைசி நாளிலே சொல்லப்படும் என்று மத்தேயு எழுதியிருப்பதை நாம் வாசிக்கின்றோம். எந்தக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தான் என்பது அங்கே சொல்லப்படவில்லை.

2021 சனவரியிலே நெடுந்தீவை அடுத்த கடலில் இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதுண்டு தமிழ்நாட்டுப் படகொன்று மூழ்கியது. நால்வர் இறந்தனர். அவருள் ஒருவர் மண்டபம் முகாமிலே வளர்ந்த ஈழத்து அகதி. வலை அறுக்க வந்த அந்நியன் என்று நாம் எண்ணிய படகிலே நமது சொந்தப் பிள்ளை ஒருவன் கூலிக்கு நின்றான். சமாரியன் யார், யூதன் யார் என்று அந்தக் கடலிலே பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

இன்னொரு அயல் உண்டு. அதுபற்றிப் பேசுவது இதனினுங் கடினம். யாகப்பருக்கு ஸ்பானிய தேசத்திலே 'சந்தியாகு' என்று பெயர். அங்கே மத்திய காலத்தில் ஒரு கதை பிறந்தது. யாகப்பர் வெண்குதிரையிலே வாளோடு தோன்றிச் சோனகரை வெட்டி வீழ்த்தினாராம். கிறிஸ்துவினாலே கடிந்துகொள்ளப்பட்ட அதே யாகப்பரை மீண்டும் படைத்துவிட்டார்கள். தீக்குப் பதில் வாள். அந்தக் கதை நமது கரைக்கு வேண்டியதில்லை. குருநகரிலிருந்து நடந்து போகக்கூடிய தொலைவிலே சோனகத் தெரு இருக்கின்றது. 1990 ஒக்ரோபர் 30ஆந் திகதி அங்கிருந்த முஸ்லிம் மக்களைச் சில மணி நேரத்துக்குள்ளே வெறுங்கையோடு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் பணித்தனர். வடக்கு மாகாணம் முழுவதும் அவ்வாறே நடந்தது. பல தலைமுறையாக அயலிலிருந்தவர்கள் ஒரு பொழுதிலே அந்நியராயினர். 'அயல்' என்ற சொல்லின் இரண்டு பொருளையும் யாழ்ப்பாணம் அன்று ஒரு தெருவிலே கண்டது. போருக்குப் பின்னர் ஒரு பகுதியார் திரும்பி வந்திருக்கின்றனர். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியிலே இடங் கிடைத்ததா, வீட்டுக்கு உறுதி கிடைத்ததா என்று கேட்பது அரசாங்கத்தின் வேலை மட்டுமன்று. தன் கோயில் இடிந்ததை அறிந்த ஊருக்கு, பிறர் பள்ளிவாசல் பாழடைந்து கிடந்ததன் நோவு சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

கடற்கரையாரிடத்திலே அருள் புதிதாகப் பிறக்கவேண்டியதில்லை என்பதையுஞ் சொல்லவேண்டும். வள்ளங் கரையேறியதும் கைம்பெண்ணுக்கும் இயலாதவருக்கும் கறிக்கு ஒரு பிடி மீன் அள்ளிக் கொடுக்கின்ற வழக்கத்தை யாரும் அவர்களுக்குப் போதிக்கவில்லை. கடலிலே தத்தளிக்கின்றவனைக் கண்டால் முதலிற் கை நீளும். ஊரும் பேரும் பிறகுதான் கேட்கப்படும். தரையிலே நூறு வேலிகளைப் போட்டுக்கொண்ட யாழ்ப்பாணத்தான் தண்ணீரிலே இந்த ஒரு சட்டத்தைக் காத்திருக்கின்றான். அந்தப் பிள்ளைக்கு யான் அன்று இதைத்தான் கேள்வியாகத் திருப்பினேன்: வலையை அறுத்த படகு கண்முன்னே கவிழ்ந்தால் உன் தகப்பன் என்ன செய்வார்? "ஏத்துவார்" என்றான், உடனே. பிறகு சற்று நின்று, "ஏத்திப்போட்டு ஏசுவார்" என்றான். அதற்கும் வகுப்புச் சிரித்தது.

தங்கச்சிமடத்தை அடுத்த வேர்க்காட்டிலே சந்தியாகப்பருக்கு ஒரு பழைய ஆலயம் இருக்கின்றது. அங்கும் யூலையிலேதான் திருவிழா. குருநகர் யாகப்பரும் வேர்க்காட்டுச் சந்தியாகப்பரும் ஒருவரே. வலையை இழந்தவனும் வலையை அறுத்தவனும் ஒரே காவலரிடத்தில் மெழுகுதிரி கொளுத்துகின்றனர். இரு திறத்தாரும் நேருக்கு நேர் சந்திக்கும் இடமும் ஒன்று உண்டு, அது கச்சதீவு. 285 ஏக்கர், குடிநீர் இல்லை, குடியிருப்பில்லை, புனித அந்தோனியாருக்கு ஒரு கோயில் மட்டும். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையினாலே தீவு இலங்கைக்கு உரியதாயிற்று. கோயில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. பெப்ரவரி, மார்ச் மாத அளவிலே இரண்டு நாள் திருவிழா. இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் வரும். போர்க்காலத்திலே தடைப்பட்டிருந்தது, பின் மீண்டது. 2016 திசெம்பரிலே புதிய ஆலயம் எழுந்தது. இரு கரைக் குருமாருங் கூடிப் பூசை செய்வர். பூசை முடிந்தபின் ஓலைப் பந்தலின் கீழே பேச்சு நடக்கும்; கலியாணச் செய்தி, வலை விலை, எண்ணெய் விலை, யார் சிறையில் இருக்கின்றார், யார் விடுபட்டார்.

2024இலே இராமேசுவரத்தார் வரவில்லை. தம்மவரைச் சிறையிட்டதற்கு எதிர்ப்பாகத் திருவிழாவைப் புறக்கணித்தனர். அந்த ஆண்டு சிலுவைப் பாதையிலே ஒரு கரையின் குரல் மட்டுங் கேட்டது. 2025 மார்ச்சிலே அவர்கள் மீண்டும் வந்தார்கள். திருவிழா முடிந்த அன்று படகுகள் இரண்டு திசையிலும் புறப்பட்டன. இடையிலே கடற்படைக் கலங்கள் நின்றன. அன்றிரவோ மறுநாளிரவோ அதே கடலிலே வலைகள் இறங்கியிருக்கும்.